கோவளம் கழி: சீட்டு இல்லாத இடத்துக்கு ஒரு காலைப் பயணம்

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்களுக்குப் பாதித் திட்டத்தை வனத்துறையே போட்டுக் கொடுத்துவிடுகிறது. சரணாலயம் எப்போது திறக்கும், எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவார்கள், எந்தக் கரையில் நடக்கலாம், கோபுரம் எங்கே என்பதெல்லாம் முன்பே முடிவானவை. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் போதும். கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில் விரிந்து கிடக்கும் உப்பங்கழிக்கு அப்படி எதுவும் கிடையாது. கதவு இல்லை, காவலர் இல்லை, கட்டணமும் இல்லை. வருடம் முழுவதும் யார் வேண்டுமானாலும் போகலாம். பருவம் பார்த்துப் போய்ச் சாலையோரம் இறங்கி நின்றால், கல்லெறி தூரத்தில் நெடுங்கால் உள்ளான் மேய்ந்துகொண்டிருக்கும்.

இதனால்தான் அங்கே போவதற்குக் கூடுதலாகத் திட்டமிட வேண்டும் என்கிறேன். எப்போது வரலாம், எதுவரை போகலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளின் வேலையும் நம்மிடம் வந்து சேர்கிறது. வேடந்தாங்கலும் ஒரு காலத்தில் கதவில்லாத ஏரிதான். 1790களில் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டவர்களைத் தடுக்க அந்த ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் எழுத்துப்பூர்வமாக உத்தரவு வாங்கி வந்தார்கள். சரணாலயம் என்ற சொல்லெல்லாம் பிறகு வந்தது. கோவளம் கழிக்குப் போகிறவர் அந்த ஊர்க்காரர்களின் மனநிலையோடு போனால் மற்ற ஏற்பாடுகள் எளிது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கேரளத்தில் திருவனந்தபுரத்துக்கு அருகில் ஒரு கோவளம் உண்டு. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இன்னொன்று. நம்முடையது செங்கல்பட்டு மாவட்டம், திருப்போரூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பது. பழைய ஆங்கில ஆவணங்களில் கோவ்லாங் என்று எழுதியிருப்பார்கள். கைப்பேசி வரைபடத்தில் இன்றும் அந்தப் பெயரே சில இடங்களில் வருகிறது. அடுத்த குழப்பம் தாம்பரம் பக்கத்திலிருந்து கிளம்பும் நமக்கே நேர்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட புதிய பேருந்து முனையம் இருப்பது கிளாம்பாக்கம், ஜி.எஸ்.டி. சாலையில். நாம் போக வேண்டியது கேளம்பாக்கம், பழைய மாமல்லபுரம் சாலையில். ஆட்டோவிலோ செயலியிலோ ஊரைச் சொல்லும்போது இரண்டு முறை சரிபாருங்கள். விடியற்காலையில் தவறான ஊரில் இறங்கினால் அன்றைய பறவை நேரம் போய்விடும்.

நம் மொட்டைமாடித் தண்ணீர்

கழியைப் பார்க்கப் போகுமுன் அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த நாளில் எதைப் பார்க்கலாம் என்பதை நீங்களே கணித்துவிடலாம். வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் பறவைப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. பட்டியலைவிடத் தண்ணீரின் கணக்கு முக்கியம்.

தாம்பரம் பக்கத்தில் செம்பாக்கம், நன்மங்கலம் போன்ற ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு. கால்வாயில் தெற்கே ஓடி முட்டுக்காடு, கோவளம் கழிக்கு. அங்கிருந்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு. சேலையூரிலோ மேடவாக்கத்திலோ ஐப்பசியில் பெய்கிற மழையின் ஒரு பங்கு இப்படித்தான் கடலைப் பார்க்கிறது. நாம் தெருவில் போடும் பாலித்தீன் பையும் இதே வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. கழியின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் குப்பையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குப்பை கோவளத்துக்காரர்கள் போட்டது மட்டும் அல்ல.

மழைக்காலத்தில் வெள்ளம் வேகமாக வரும்போது முகத்துவாரம் அகலத் திறந்துகொள்ளும். கடல் நீர் ஏறி இறங்கும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம், நடுவில் குறைவு. ஒரு மீட்டர் என்பது கேட்கச் சிறிய அளவு. ஆனால் கழி தட்டையானது. தண்ணீர் ஒரு சாண் இறங்கினால் போதும், ஏக்கர் கணக்கில் சேறு வெளியே வந்துவிடும். அந்தச் சேறுதான் பறவைகளுக்குச் சோற்றுத் தட்டு. தை, மாசி தாண்டி நன்னீர் வரத்து குறைந்ததும் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு ஏற்ற வற்றத்தின் ஆட்சி குறைந்து வெயிலின் ஆட்சி வந்துவிடும். நீர் ஆவியாகி மட்டம் இறங்க இறங்க உப்பு கூடும், ஓரங்கள் வெள்ளைப் பொருக்குத் தட்டும், உமரிச் செடி சிவக்கும்.

மாதம் தேர்ந்தெடுக்க இவ்வளவு போதும். நவம்பர், டிசம்பரில் வலசைப் பறவைகள் வந்திருக்கும். ஆனால் நல்ல மழை பெய்த வருடமாக இருந்தால் கழியில் நீர் ஆழமாக நிற்கும். சின்னக் கால் கொண்ட உள்ளான்களுக்கு நிற்க இடம் இருக்காது, அவை வேறு இடம் பார்த்துப் போய்விடும். அப்போது கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் ஆலாக்களும்தான் தெரியும். புயல் வரும் மாதங்களும் இவையே. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் கோவளம் பக்கம் போகவே வேண்டாம். என் கணக்கில் சிறந்த காலம் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் பாதி வரை. நீர் வடிந்து சேறு தெரியும், வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, காலை வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். பூநாரைக்காக மட்டும் போகிறவர்கள் கோடையின் தொடக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். நீர் முழங்கால் அளவுக்கு வந்த பிறகு அவை கூட்டமாக இறங்குவதை ஏப்ரலிலும் பார்த்திருக்கிறேன். மே, ஜூனில் வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். குழந்தைகளை அப்போது அழைத்துப் போகாதீர்கள்.

போகும் வழியும் நிற்கும் இடமும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் போய், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் கிழக்கே திரும்பி, கேளம்பாக்கம் சந்திப்பைத் தாண்டி நேராகக் கோவளம் சாலையைப் பிடிக்க வேண்டும். மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். விடியலில் இரு சக்கர வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் கேளம்பாக்கம் சந்திப்பில் மட்டுமே நிறைய நேரம் நிற்க வேண்டியிருக்கும். பேருந்தில் வருகிறவர்கள் தாம்பரம் கிழக்கிலிருந்து கேளம்பாக்கம் வழியாக மாமல்லபுரம் செல்லும் வண்டி உண்டா, அது கோவளம் தொட்டுப் போகிறதா என்று நடத்துநரிடம் கேட்டு ஏறுங்கள். கேளம்பாக்கம் வரை வந்துவிட்டால் அங்கிருந்து பகிர்வு ஆட்டோ கிடைக்கும். சென்னைக்குள்ளிருந்து வருகிறவர்களுக்கு கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்துகளே வசதி. முட்டுக்காடு பாலம் தாண்டியதும் கோவளம்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலை கழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் நீர், பழைய உப்பளப் பாத்திகள், சீமைக்கருவேலப் புதர், நடுநடுவே சேற்றுத் திட்டு. பறவை பார்க்கிறவர்களின் இடம் இந்தச் சாலைதான். சாலை மேற்கு கிழக்காகப் போவதால் ஒரு வசதி இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். ஆகவே வடக்குப் பக்கம் பார்த்து நின்றால் காலையிலிருந்து மாலை வரை வெயில் உங்கள் முதுகுப் பக்கம். பறவையின் மேல் ஒளி நேராக விழும். தெற்குப் பக்கம் பார்த்தால் எல்லாமே கறுப்பு நிழலாகத் தெரியும், உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்கள் பறவை அதிகம் தெரிகிற பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். நல்ல ஒளியில் நிற்கும் பத்துப் பறவை எதிர் வெயிலில் தெரியும் நூறு பறவையைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

இந்தச் சாலையில் டிப்பர் லாரியும் கல்லூரிப் பேருந்தும் வேகமாகப் போகும். வண்டியைப் பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, தார் முடிகிற இடத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள். கழிப்பக்கக் கதவைத் திறந்து அந்தப் பக்கமாகவே இறங்குங்கள். இருநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு அடிகூட நடக்கக் கூடாது. பார்ப்பதானால் நிற்க வேண்டும், நடப்பதானால் இருநோக்கி கழுத்தில் தொங்க வேண்டும். குழந்தைகளோடு வந்தால் ஒருவர் குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கு அந்த நேரத்தில் பறவை வேலை வேண்டாம்.

சாலையிலிருந்து இறங்கிச் சேற்றுக்குள் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். மேலே காய்ந்து வெடித்துத் தெரியும் சேறு கீழே கூழாக இருக்கும். முழங்கால் வரை புதைந்த காலை வெளியே எடுக்கப் போராடிய ஒரு நண்பரை நானும் இன்னொருவரும் சேர்ந்து இழுத்திருக்கிறோம். செருப்பு உள்ளேயே போய்விட்டது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு கால் சேற்றில் பட்டதும் நூறு மீட்டர் சுற்றளவில் இருக்கும் பறவையெல்லாம் எழும்பிவிடும். மத்திய ஆசிய வலசைப் பாதையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவை அவை. மார்ச்சில் திரும்பப் பறக்க வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கின்றன. நாம் ஒரு தடவை எழுப்பிவிட்டால் அவற்றுக்கு நஷ்டமாவது ஒரு வேளைச் சாப்பாடு. ட்ரோன் பறக்கவிடவே கூடாது. ஒரு முறை யாரோ பூநாரைக் கூட்டத்துக்கு மேல் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். கூட்டம் முழுவதும் எழுந்து தெற்கே போய்விட்டது. அன்று அது திரும்பவில்லை. அதற்குப் பின்னால் சாலையோரம் வந்து சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு காலை, கிட்டத்திலிருந்து

ஜனவரியில் ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் எழும். ஆறு மணிக்கே இடத்தில் இருங்கள். அந்த அரை மணி நேரம் காது வேலை செய்யட்டும். ஆள்காட்டி கத்தும். பவளக்காலி மூன்று கட்டையாகக் குரல் கொடுத்துப் பறக்கும். வெளிச்சம் வந்ததும் நேராகத் தூரத்துப் பூநாரைக்குப் போகாமல், காலுக்கு மிக அருகில் இருக்கும் சேற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் கண்ணில் படுவது நெடுங்கால் உள்ளான். உடம்பைவிட நீளமான, இளஞ்சிவப்புக் கால். நீர் தொடை வரை இருக்கும் இடத்தில் அது நிற்கும். அதற்கு முன்னால், நீர் கணுக்கால் அளவுக்குக் குறையும் இடத்தில் பவளக்காலியும் பச்சைக்காலியும். நீர் முடிந்து ஈரம் மட்டும் இருக்கும் விளிம்பில், எலி ஓடுவது போல ஓடிக்கொண்டே தையல் ஊசி மாதிரிச் சேற்றைக் குத்திக்கொண்டிருப்பது கொசு உள்ளான். அதைத் தாண்டிக் காய்ந்த தரையில் ஓடி, நின்று, ஓடி, நிற்பது உப்புக்கொத்தி. உப்புத் தரையில் கொத்துவதால் வந்த பெயராக இருக்க வேண்டும். வேறு எந்த மொழியின் பெயரும் இவ்வளவு பொருத்தமாக எனக்குப் படவில்லை. ஆழத்தில் நீளமான நேர் மூக்கை வேர் வரை இறக்கித் துழாவுவது கருவால் மூக்கன். ஒரே சேற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆழம், ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு மூக்கு. பத்து நிமிடம் ஒரே இடத்தைப் பார்த்தால் இந்த ஒழுங்கு தானாகவே தெரியும். அதற்குப் பிறகு புத்தகம் இல்லாமலேயே பாதிப் பறவைகளைப் பிரித்துவிடலாம்.

தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அது பூநாரையாக இருக்கலாம், மஞ்சள் மூக்கு நாரையாகவும் இருக்கலாம், கரண்டிவாயனாகவும் இருக்கலாம். தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டுப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு நடந்தால் பூநாரை. அதன் மூக்கு மேலே கீழே மாறிப் பொருத்தியது போல் வளைந்திருப்பதன் காரணம் அப்போது புரியும். தலைகீழாகச் சல்லடை பிடிக்கிறது அது. பூநாரையின் சிவப்பு அதன் இரையிலிருந்து வருவது, குஞ்சுப் பருவத்தில் அது சாம்பல் நிறம். ஆகவே கூட்டத்தில் அழுக்கு வெள்ளையாகத் தெரிகிறவை இளம் பறவைகள்.

மேலே பாருங்கள். வெள்ளை வயிறும் கறுப்புக் கண்பட்டையுமாக ஒரு பருந்து நீருக்கு மேல் வட்டமிட்டால் அது விரால் அடிப்பான். அது நின்று காலை நீட்டிக்கொண்டு விழும்போது தவறவிட்டுவிடாதீர்கள். கம்பியின் மேல் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, புதரில் பனங்காடை, எல்லா இடத்திலும் செம்பருந்து. எட்டரை மணிக்கு மேல் சேற்றிலிருந்து வெக்கை எழும்பி இருநோக்கியில் உருவங்கள் நடுங்கத் தொடங்கும். கடையைக் கட்டுவதற்கு அதுவே மணி.

அங்கே வேலை செய்கிறவர்கள்

நாம் பொழுதுபோக்குக்குப் போகும் இடத்தில் சிலர் பிழைப்புக்கு நிற்கிறார்கள். கழுத்து வரை நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை இங்கே பார்க்கலாம். பனையோலையில் முடைந்த பறியின் கயிறு பல்லில் இருக்கும். கையில் தட்டுப்பட்ட இறாலை நீருக்குள்ளேயே பறியில் போடுவார்கள். வலை இல்லை, படகு இல்லை. பறவைகளும் அவர்களும் ஒரே ஏற்ற வற்றக் கணக்கில் வேலை செய்கிறார்கள், பறவைகள் அவர்களுக்குப் பயப்படுவதும் இல்லை. வீச்சு வலைக்காரர்கள் கரையோரமாக மடவை பிடிப்பார்கள்.

இவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நீரில் நனைந்த புடவையோடு நிற்கும் பெண்ணை டெலி லென்ஸில் எடுத்து ஊருக்குக் காட்டுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் நடக்கிறது. வணக்கம் சொல்லிவிட்டு, “அம்மா, இன்னிக்கு தண்ணி ஏறுதா, இறங்குதா?” என்று கேளுங்கள். எந்தச் செயலியும் சொல்லாத பதில் கிடைக்கும். முகத்துவாரம் திறந்திருக்கிறதா, பூநாரை நேற்று எந்தப் பக்கம் நின்றது, எந்தத் திட்டில் நாய்கள் சுற்றுகின்றன என்று அவர்கள் சொல்வார்கள். கரையில் இறால் விற்றால், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

கதவு இல்லை என்பதால் எல்லா நிலமும் பொது என்று நினைத்துவிடக் கூடாது. கால்வாய் ஒரு துறையின் கையில், உப்பளங்கள் இன்னொரு துறையின் கையில், நடுவில் தனியார் மனைகள். முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் வளாகமும் உண்டு. வேலி இருந்தால் வெளியே நில்லுங்கள். சாலையோரத்திலிருந்தே பார்க்க வேண்டியதெல்லாம் தெரிகிறது.

கடல் பக்கம்

ஒன்பது மணிக்குக் கழியை விட்டுக் கோவளம் கடற்கரைக்குப் போய் இளைப்பாறலாம். ஊருக்குள் இட்லி, பூரி கிடைக்கும் சின்ன உணவகங்கள் இருக்கின்றன. 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கிய கடற்கரை இது, தமிழ்நாட்டில் முதலாவது. கழிப்பறை, குடிநீர், உடை மாற்றும் இடம் அந்தப் பகுதியில் உண்டு. கழிச் சாலையில் இவற்றில் ஒன்றும் கிடையாது, ஆகவே பெண்களும் குழந்தைகளும் வரும் குழு இந்த வரிசையை மாற்றி, முதலில் கடற்கரையில் நிறுத்திவிட்டுக் கழிக்குப் போவது நல்லது. பழைய கோவளம் வேறு கதை: ஆற்காட்டு நவாப் கட்டிய கோட்டை, 1752இல் கிளைவ் பிடித்தது, இன்று அந்த இடத்தில் நட்சத்திர விடுதி. ஊருக்குள் தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் சிவன் கோயிலும் பக்கம்பக்கமாக இருக்கின்றன.

சான்றிதழ் வாங்கிய துண்டைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பழைய நெய்தல் இன்னும் இருக்கிறது. மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடம்புக் கொடி, காற்றில் உருண்டோடும் இராவணன் மீசை, தாழம்புதர். இவற்றின் மேல் வண்டி ஏற்றாதீர்கள். மணல்மேடு இருக்கிறவரைதான் கடல் ஊருக்குள் வராது.

முகத்துவாரத்தில் மட்டும் இறங்கவே கூடாது. கழியும் கடலும் சந்திக்கும் இடத்தில் மேலே அமைதியாகத் தெரியும், கீழே மணல் ஒவ்வொரு நாளும் இடம் மாறும். நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்று ஆள் மட்டத்துக்கு மேல் இருக்கும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் இந்தக் கரையில் போயிருக்கிறார்கள். குளிக்க வேண்டுமானால் உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில், அவர் சொல்லும் எல்லைக்குள். அவசரத்துக்கு 108, 112 இரண்டையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரைக்கு இன்னொரு விருந்தாளி வருகிறது. மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். இரவில் கரையேறி, முழம் ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டை போல இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். குஞ்சுக்குக் கடல் எது என்று சொல்வது அடிவானத்து வெளிச்சம். கரையில் விளக்கு எரிந்தால் அது சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும். ஆகவே இரவில் டார்ச் அடித்துக்கொண்டு ஆமை தேடித் தனியாகப் போகாதீர்கள். பார்க்க ஆசையிருந்தால் சரியான வழி இருக்கிறது. 1988இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு நடை நடத்துகிறது. கட்டணம் இல்லை. விடிய விடிய மணலில் நடக்கத் தெம்பு மட்டும் வேண்டும். முட்டைகளைக் கண்டால் எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைப்பார்கள். குஞ்சு விடும் மாலைகளில் நாமும் கூட நிற்கலாம். என் மகள் முதல் முறை அங்கே நின்றபோது பேசவே இல்லை. உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒன்று அலையை எதிர்த்து மூன்று முறை புரண்டு நான்காவது முறை உள்ளே போனதை இன்றும் சொல்கிறாள்.

கரையில் இறந்த ஆமை ஒதுங்கியிருப்பதையும் நீங்கள் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவை வலைக்குள் மாட்டி, மூச்சு விட மேலே வர முடியாமல் இறந்தவை அவற்றில் பெரும்பாலானவை. குழந்தை கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தொடாமல், இடத்தையும் நேரத்தையும் படத்தையும் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். பங்குனி ஆமை 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. ஓட்டையோ முட்டையையோ எடுத்துக்கொண்டு வருவது குற்றம்.

பையில் என்ன

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, மண் நிறத்தில் முழுக்கைச் சட்டை, பிடிப்புள்ள ஷூ. 8×42 இருநோக்கி ஒன்று குடும்பத்துக்குப் போதும். 10 மடங்கு பெருக்குவது கைநடுக்கத்தையும் பெருக்கும், புதியவர்கள் அதை வாங்க வேண்டாம். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ பையில் இருக்கட்டும், தமிழ்ப் பெயரும் படமும் சேர்ந்து இருப்பதால் குழந்தைகளே புரட்டிக் கண்டுபிடிப்பார்கள். ஒரு சின்ன நோட்டு, பென்சில். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் வேண்டாம். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கழிக்கரையில் பிரித்தால் நாய்கள் கூடும், நாய்கள் கூடினால் பறவைகள் போகும். கடற்கரைக்கு வந்தே சாப்பிடுங்கள். பறவைக்கு எதுவும் போடக் கூடாது. ஆறு பேருக்கு மேல் ஒரே குழுவாகப் போகாதீர்கள். அதற்கு மேல் ஆள் இருந்தால் இரண்டாகப் பிரிந்து, சாலையின் வேறு வேறு இடங்களில் நில்லுங்கள்.

திட்டம் போட்ட நாளில் மழை பிடித்துக்கொண்டால் அல்லது கேளம்பாக்கம் வரை போக நேரமில்லை என்றால், பெரும்பாக்கம் – சோழிங்கநல்லூர் சாலையோரச் சதுப்பு நிலம் தாம்பரத்துக்கு இன்னும் பக்கம். அங்கும் சாலையிலிருந்தே பார்க்கலாம். நன்மங்கலம் காப்புக்காடு வேறு ரகம். கைவிடப்பட்ட கல்குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை வாழும் இடம். அது காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டே போக வேண்டும்.

இந்தக் கழி இப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். கோவளத்துக்கு அருகே, திருப்போரூர் வட்டத்தில், சென்னைக்கு ஆறாவது குடிநீர் நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று 2025–26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உவர்நீர் நிலத்தை நன்னீர் ஏரியாக்கினால் இறாலும் மீனும் பறவையும் என்னவாகும் என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் கேட்கிறார்கள். நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவன்தான் நானும். ஆனால் உவர்ச் சேற்றில் மட்டுமே வாழக்கூடிய புழுவையும் அதைத் தின்ன வருகிற கருவால் மூக்கனையும் கணக்கில் எழுதாமல் போட்ட திட்டம் முழுக் கணக்கு ஆகாது.

அந்தக் கணக்கில் நீங்களும் ஒரு வரி எழுதலாம். நின்ற இடம், தேதி, நேரம், பார்த்த பறவைகள், எண்ணிக்கை ஆகியவற்றை அன்றே இ-பேர்ட் தளத்தில் ஏற்றுங்கள். பெயர் தெரியாததை “உள்ளான் வகை” என்று எழுதினாலும் பயன் உண்டு. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு தவறாக எழுதுவதுதான் கெடுதல். ஒவ்வொரு பொங்கலையும் ஒட்டித் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணினால் போதும். தாம்பரத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குக் கேளம்பாக்கம் தாண்டி, சாலையின் வடக்குப் பக்கம் பார்த்து நிற்கலாம்.